சோனாவின் காது

கேரள எல்லையோரத்துக் குன்னத்துகாலில் பொன்னுதாஸ் என்று பேர் சொல்லிக் கேட்டால் சிலருக்குத் தெரியாது. ஏத்தங்குலை ஏற்றிப் போகிற நீல மினிலாரி என்றால் உடனே வழி சொல்லிவிடுவார்கள். அதிகாலையில் தோட்டம் தோட்டமாகப் போய் வாழைக்குலைகளை ஏற்றி, எல்லை தாண்டி களியக்காவிளை சந்தையில் இறக்குவது அவருடைய வேலை. மனைவி சுகிர்தபாய் பஞ்சாயத்தில் ஆஷா ஊழியர். ஒரு நாளைக்குப் பதினைந்து வீடாவது ஏறி இறங்குவாள். கட்டிலோடு கிடப்பவர்களுக்கு பிரஷர் பார்ப்பாள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மாத்திரை கொடுப்பாள். புருஷன் பெண்சாதி இருவருக்கும் வாய் ஓயாது. ஒரே மகள் சோனாதான் வாயைத் திறக்கமாட்டாள்.

"ஆசுபத்திரியில பிள்ள மாறிப்போச்சோ என்னமோ" என்று சுகிர்தபாய் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

பிள்ளை மாறவில்லை. சோனா பேசாமல் போனதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் அழைத்தபோது வீட்டில் சொல்கிற மாதிரியே "இன்னா வாறேன்" என்று எழுந்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வருஷம் முழுக்க அவளுக்கு, தமிழ்க்காரி என்று கேலியாக, 'பாண்டி' என்று பேர். சரி, தமிழ்ப் பக்கம் போனால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. விடுமுறைக்கு மதுரையில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போனவள், காய்ச்சல் வந்து "எனக்குப் பனியாக்கும்" என்றாள். அண்ணன்மார் ஜன்னலைத் திறந்து பார்த்து, "பனியா? எங்க விழுது?" என்று கேட்டு உருண்டு உருண்டு சிரித்தார்கள். அங்கே அவள் 'மலையாளத்தாள்'.

அதற்குப் பிறகு சோனா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். புது இடத்துக்குப் போனால் முதலில் கேட்பாள். யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிப்பாள். நன்றாகத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் நெய்யாற்றின்கரை பேச்சு வேறு, அம்பூரி மலைப்பக்கத்துப் பேச்சு வேறு, மார்த்தாண்டத்துப் பேச்சு வேறு என்று காதாலேயே பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். அதை ஒரு திறமை என்று அவளும் நினைக்கவில்லை, மற்றவர்களும் நினைக்கவில்லை.

நர்சிங் படிக்க வேண்டும் என்பது அம்மாவோடு வீடு வீடாகப் போன நாட்களில் வந்த ஆசை. பிளஸ் டூ முடித்து, நெய்யாற்றின்கரையில் ஆங்கிலப் பரீட்சைக்கு கோச்சிங் போய், கணினி முன்னால் உட்கார்ந்து நுழைவுத்தேர்வு எழுதி, கடைசியில் பின்லாந்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது.

"அது எங்க உண்டு?" என்றார் பொன்னுதாஸ்.

"ரஷ்யாக்க பக்கத்துல, அப்பா."

"அங்க ஏத்தங்காய் கிட்டுமா?"

"கிட்டாது."

"பின்னே அந்த மனுசரு என்னத்தத் தின்னு உயிர் வாழுதாவ?" என்று கேட்டாரே தவிர, மறுநாள் சந்தையில் நாலு பேரிடம் உலகப் படத்தைக் காட்டச் சொல்லி இடத்தைத் தெரிந்துகொண்டு வந்தார். மகளை அனுப்பும் நாளில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மினிலாரியில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போனார்கள். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து.

ஹெல்சிங்கியில் இறங்கியபோது பெட்டி வரும் இடத்தில் ஒரு பெண் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். சோனா இரண்டு வாக்கியம் கேட்டாள். கிட்டப் போய், "நீங்க அம்பூரியா?" என்றாள்.

அந்தப் பெண் வாயைப் பிளந்துவிட்டாள். "எப்பிடித் தெரிஞ்சது?"

அவள் பேர் ரெஜிலா. அம்பூரியில் ரப்பர் தோட்டத்து வீடு. அதே கல்லூரி, அதே வகுப்பு. இருபது கிலோமீட்டர் தூரத்தில் பிறந்து வளர்ந்தும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காதவர்கள், இத்தனை தூரம் வந்து சந்தித்துக்கொண்டார்கள். கல்லூரி இருந்த யோயென்சூ என்கிற கிழக்கு நகரத்தில் மாணவர் குடியிருப்பில் இரண்டு பேருக்கும் ஒரே வீடு கிடைத்தது. தமிழும் மலையாளமும் கலந்து, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியாதபடி பேசிக்கொண்டார்கள்.

ரெஜிலாவுக்குக் கூச்சம் கிடையாது. பின்னிஷ் மொழியில் பத்துச் சொல் தெரிந்தால் பத்தையும் தப்பாகப் போட்டு நூறு பேரிடம் பேசிவிட்டு வருவாள். சோனா நேர் எதிர். வகுப்பில் ஆசிரியையை 'மேடம்' என்று கூப்பிடக்கூடாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். பேர் சொல்ல வாய் வராமல் அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஊசி போடும் பயிற்சியில் ஆசிரியை "புரிந்ததா?" என்று கேட்டபோது நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மாள் முதலிலிருந்து மறுபடியும் விளக்கினார். மறுபடியும் தலையாட்டினாள். மூன்றாம் முறை விளக்கி முடித்த பிறகு ரெஜிலாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க ஊர்ல அதுக்கு 'ஆமா'ன்னு அர்த்தம்" என்றாள்.

டிசம்பரில் பகல் மூன்று மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் யாரும் உட்காரமாட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவர் இல்லை. ஆசியக் கடையில் உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைத்தது. வேகவைத்தால் பஞ்சு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது மட்டும் சோனா, "ஒக்கெ செரியா இருக்கும்மா" என்பாள்.

ஒன்றும் சரியாக இல்லை. பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தினார்கள், அதில் நல்ல மதிப்பெண். ஆனால் பயிற்சிக்குப் போகிற இடங்களில் நோயாளிகள் பேசுவது பின்னிஷ். அந்த மொழியின் வாய்மொழித் தேர்வில் சோனா தோற்றாள். எழுத்தில் வகுப்பிலேயே முதல் மூன்று பேரில் ஒருத்தி. எதிரே ஆள் உட்கார்ந்து கேட்டால் தெரிந்த சொல்லும் வராது. அவளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாக இருந்த முதியோர் இல்லம் ஒன்று, மொழி போதாது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. ரெஜிலா தப்பும் தவறுமாகப் பேசித் தேறிவிட்டாள்.

அந்த வாரம் வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது சோனா குளித்துக்கொண்டிருந்தாள். ரெஜிலா எடுத்தாள். சோனா வெளியே வந்தபோது அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

"மக்கா" என்றாள் சுகிர்தபாய். "தோத்துப் போனியாமே?"

சோனா ஈரத் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"எங்ககிட்ட ஏன் செல்லல்ல?"

"பயமாட்டு இருந்துச்சும்மா. நீங்க வெசனப்படுவிய."

பின்னால் இருந்து பொன்னுதாஸ் போனைப் பிடுங்கினார். "எனக்கு டிரைவிங் லைசென்சு மூணாவது தடவைதான் கிட்டிச்சு, கேட்டியா? உனக்க அம்மைக்குத் தெரியாது. ரெண்டு தடவ தோத்தத நான் இண்ணு வர செல்லல்ல."

"எந்தா?" என்று சுகிர்தபாய் அவர் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு அந்த அழைப்பு முழுக்க அந்த லைசென்ஸ் சண்டைதான். சோனா கட்டிலில் உட்கார்ந்து, பல வாரங்களுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் பேருந்தில் முன்இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர், வண்டியில் ஏறிய ஒரு கிழவரோடு பேசிக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்தில் 'நான்' என்பதற்கு 'மினா' என்று இருந்தது; 'நீ' என்பதற்கு 'சினா'. ஓட்டுநர் வாயில் 'மியே' என்றும் 'சியே' என்றும் வந்தது. கிழவரும் அப்படியே பேசினார். சோனா காதைத் தீட்டிக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது; அவள் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். வழியெல்லாம் ஏறியவர்களில் பாதிப் பேர் 'மியே'தான்.

மறுநாள் ஆசிரியையிடம், அவர் பேரைச் சொல்லியே கூப்பிட்டு, "ஏன் இங்கே 'மியே' என்கிறார்கள்?" என்று கேட்டாள்.

ஆசிரியை சிரித்தார். "இது எல்லைப் பக்கம். கரேலியப் பேச்சு. தலைநகரத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். உங்களுக்குக் குழப்பமாக இருக்கும், அதனால்தான் சொல்லிக்கொடுக்கவில்லை."

சோனாவுக்குக் குழப்பமாகவே இல்லை. அறைக்கு ஓடி வந்து, "எடி ரெஜிலா, இவங்களும் நம்மள மாதிரியாக்கும்!" என்றாள். புத்தகத்தில் ஒன்று, வாயில் ஒன்று, நடுவில் கேலி. இந்த ஏற்பாடு அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அது வரைக்கும் பின்னிஷை அவள் ஒரு பரீட்சையாகப் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து அது குன்னத்துகால் மாதிரி ஓர் ஊரின் பேச்சாகிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். இடது பக்கம் புத்தகச் சொல், வலது பக்கம் ஊர்ச் சொல். காய்கறிக் கடை, நூலகம், பேருந்து என்று போகிற இடமெல்லாம் வலது பக்கம் நிறைந்தது. மே மாதம் மறுபடியும் வாய்மொழித் தேர்வுக்குப் போய்த் தேறினாள். பெரிய மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் தேர்வாளர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் ஊருக்கு வெளியே வேறொரு முதியோர் இல்லத்தில் பயிற்சி கிடைத்தது. அங்கே ஏழாம் அறையில் வெய்க்கோ என்று ஒருவர். வயது எண்பத்துமூன்று. காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். வேகமாக, முணுமுணுப்பாக, சுத்தமான ஊர்ப் பேச்சில் பேசுவார். பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு மாணவர்கள் எல்லாரும் அவர் அறைக்குப் போகத் தயங்குவார்கள். சோனா கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

தினமும் காலை அவள் திரையை விலக்கியதும் அவர் சொல்வது ஒன்றே ஒன்று. "மியே அந்தக் கஞ்சியைக் குடிக்கமாட்டேன்." சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் குடிப்பார். பிறகு லாரிக் கதை. தன் அப்பாவும் லாரி ஓட்டுகிறவர் என்று சோனா சொன்ன நாளிலிருந்து கதை நீண்டது. புரியாத சொல்லை அவள் நிறுத்திக் கேட்பாள், வலது பக்கத்தில் எழுதிக்கொள்வாள். மூன்று வாரத்தில் அவர் எந்த எழுத்தை விழுங்குவார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை. ஏழு பத்துக்குத் திரையை விலக்கினாள். "மியே அந்தக் கஞ்சியைக் குடிக்கமாட்டேன்" என்றார் வெய்க்கோ. அவள் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். ஏழே முக்காலுக்குக் கஞ்சியோடு திரும்பி வந்தாள்.

"மியே அந்த ஜன்னலை..." என்றார். நிறுத்தினார். "ஜன்னலைக் குடிக்க..."

சோனா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். சொல் குழறி வந்தது. முகம் கோணவில்லை. ஆள் சாய்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். வேறு யார் பார்த்தாலும் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைப்பார்கள்.

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். பொறுப்பு நர்ஸ் மார்யா மருந்து வண்டியில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவர்.

"வெய்க்கோவின் பேச்சு மாறியிருக்கு" என்றாள் சோனா.

மார்யா நிமிரவில்லை. "அவர் பேசுவது எப்போதும் அப்படித்தான். எங்களுக்கே பாதி புரியாது. உனக்கு மொழி புதுசு, கவலைப்படாதே."

ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் சோனா அதோடு நிறுத்தியிருப்பாள். நமக்குத்தான் தெரியவில்லை என்று திரும்பியிருப்பாள். அன்று திரும்பவில்லை.

"எனக்குப் புரியாத பேச்சு வேற, மார்யா. இது வேற. ஏழு பத்துக்குச் சரியாப் பேசினார். இப்ப கஞ்சிக்கு ஜன்னல்னு சொல்றார். நீங்க இப்பவே வரணும்."

தன் குரல் அத்தனை சத்தமாக வந்ததைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். மார்யா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். வண்டியைப் பூட்டிவிட்டு வந்தார்.

அறையில் சோனா வெய்க்கோவிடம் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். நீட்டினார். கண்ணை மூடச் சொன்னாள். மூடினார். இடது கை நின்றது. வலது கை மெதுவாக, அவருக்கே தெரியாமல், கீழே இறங்கியது. மார்யா அதற்குள் போனை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டிருந்தார்.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது. தூக்கத்தில் வந்ததா, விடிந்து வந்ததா என்று தெரியாவிட்டால் தீர்மானிப்பது கடினம். மார்யா போனைச் சோனாவிடம் நீட்டினார்.

"ஏழு பத்து" என்றாள் சோனா.

"எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?"

"தினமும் சொல்கிற வாக்கியத்தை அப்போது முழுசாகச் சொன்னார். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை."

மருந்து கொடுத்தார்கள்.

அன்று மதியம் மார்யா தேநீர் அறைக்கு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த ஊர்க்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள். "நான் சொன்னது தப்பு. நீ சொன்னது சரி" என்றார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். பயிற்சி அறிக்கையில் இதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார் என்பது பிறகுதான் சோனாவுக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து, அவள் பயிற்சியின் கடைசி நாளன்று, வெய்க்கோ நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. வராந்தாவில் அவளைப் பார்த்ததும் நின்றார். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்து, "சியே... கேட்டாய்" என்றார். சோனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதைச் சோனா வீட்டில் சொல்லவே இல்லை. வழக்கம்போல ரெஜிலாதான் சொன்னாள், நடித்துக் காட்டி. மறுநாள் சுகிர்தபாய் ஏறி இறங்கிய பதினைந்து வீட்டிலும் பிரஷர் பார்த்தாளோ இல்லையோ, இந்தக் கதையைச் சொன்னாள். கையை நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, "எனக்க மோள் இப்பிடியாக்கும் கண்டுபிடிச்சது" என்று எல்லாருக்கும் பரிசோதனையும் செய்து காட்டினாள். களியக்காவிளை சந்தையில் வாழைக்குலை வியாபாரி சோமன், "எலே பொன்னுதாசே, உனக்க மக ஒரு மனுசன காப்பாத்தினாளாமே?" என்று கேட்டபோது, எப்போதும் வாய் ஓயாத பொன்னுதாஸ் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவ சின்னதிலேயே நல்லா கேப்பா" என்று மட்டும் சொன்னார்.

சோனா படிப்பை முடித்தாள். பட்டமளிப்பில் நர்சுகளுக்குக் கொடுக்கிற சின்ன உலோகப் பதக்கத்தை அவள் சட்டையில் குத்திவிட மார்யா நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருந்தார். இப்போது அதே நகரத்து ஆஸ்பத்திரியில், பக்கவாத நோயாளிகள் இருக்கிற வார்டில் வேலை. ரெஜிலா குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். அங்கே அவள் பேச்சுக்குக் குழந்தைகள் சிரித்துச் சிரித்து ஊசியை மறந்துவிடுகிறார்களாம்.

போன ஜூனில் சுகிர்தபாய் முதல்முறையாக விமானம் ஏறி மகளைப் பார்க்கப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் உள்ள சாயாக்கடையில் உட்கார்ந்து மகள் வேலை முடித்து வருவதற்குக் காத்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சோனா வந்தாள். அவள் பின்னாலேயே வெள்ளைக்கோட்டுப் போட்ட, தலை நரைத்த மருத்துவர் ஒருவர் வேகமாக வந்து ஏதோ கேட்டார். சோனா நின்று பதில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். கையை அசைத்துச் சொன்னாள். ஓரிடத்தில், அப்படி இல்லை என்பது போல அழுத்தமாகத் தலையை அசைத்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டு போனார்.

அன்று பொன்னுதாஸ் அழைத்தபோது முதல் கேள்வி, "எப்பிடி உண்டு மக?" என்பது.

"நல்லா இருக்கா" என்றாள் சுகிர்தபாய். "இண்ணு ஒரு பெரிய டாக்டரு அவகிட்ட வந்து என்னமோ கேட்டாரு. இவ என்ன செல்லினான்னு எனக்கு ஒரு வார்த்த புரியல்ல. ஆனா அவ செல்லி முடிக்கது வர அவரு நிண்ணு கேட்டாரு, கேட்டியளா? நிண்ணு கேட்டு, எழுதி எடுத்துட்டாக்கும் போனாரு."



"இன்னொரு தடவ செல்லு" என்றார் பொன்னுதாஸ்.

சுகிர்தபாய் மருத்துவரின் நரைத்த தலையிலிருந்து தொடங்கி மறுபடியும் முழுக்கச் சொன்னாள்.